பழைய காரில் பிளக் சிக்கிக்கொண்டதா? உஷார், எனக்குப் பாதி மாதச் சம்பளம் போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பி சர்வீஸ் செய்து தருவதாகச் சொல்லும் ஒரு செயலியை நம்பி என் மாதச் சம்பளத்தில் பாதியைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்கால். எப்படிக் கழற்ற வேண்டும் என்று விவரமாகக் கீழே சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பழைய பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். மூன்று பிளக் சிரமமில்லாமல் வந்தன, கடைசி ஒன்று அசையவே இல்லை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஹெட், அதாவது பிளக்கைத் திருகி மாட்டும் சிலிண்டர் மேல்மூடி, அலுமினியம்; பிளக்கின் உடம்பு இரும்பு. பல வருடம் கழற்றாமல் கிடந்தால் மரையோடு மரை அரித்துப் பிடித்துக்கொள்ளும், உள்பக்க முனையில் கரியும் ஏறிவிடும். "எஞ்சின் ஆறட்டுமே, துரு இளக்கும் ஆயில் விட்டு ராத்திரி ஊறவைத்து நாளைக்குப் பார்க்கலாமே" என்று நானே கேட்டேன். வந்தவர் சிரித்தார்.

"சார், இதெல்லாம் நாங்க தினமும் பாக்குறது. சூட்டோட ஒரு இழுப்பு, வந்துரும். நீங்க போய் உக்காருங்க."

சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, செயலியில் அவர் பெயருக்கு நேரே ஐந்து நட்சத்திரம். அவ்வளவு நிதானமாகச் சொல்கிறவரிடம் யார்தான் வாதம் பண்ணுவார்கள்?

தட்டித் தட்டி வேகமாகச் சுற்றும் இம்பாக்ட் கன் கருவியை மாட்டி அழுத்தினார். கிரீச்சென்று ஒரு சத்தம், பிளக் வந்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால் அதன் மரை இடுக்கெல்லாம் மெல்லிய வெள்ளைக் கம்பிச் சுருள். அது ஹெட்டின் மரை, அப்படியே உரிந்து வந்திருக்கிறது. "கரி சார்" என்கிறார். எந்த ஊரில் கரி பளபளக்கும்? புது பிளக் கடைசிவரை இறுகாமல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. "டைட் ஆயிடுச்சு" என்று பானெட்டைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் என்ன, ஓடுகிற வண்டியில் படாரென்று பிளக் தெறித்து, மேலே இருந்த, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் உடைந்தது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை இறக்கி, உள்ளே விழுந்திருந்த அலுமினியத் தூளைச் சுத்தம் செய்து, துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற புது மரைச் சுருளைப் போட்டு, புதுக் காயில் மாட்டி, பில்லைப் பார்த்தேன். பாதிச் சம்பளம்!

செயலிக்காரர்களைக் கூப்பிட்டால் முதலில் "24 மணி நேரத்தில் அழைப்போம்". அழைக்கவில்லை. பிறகு "பிளக் ஏற்கெனவே பழுது, எங்கள் பொறுப்பில்லை". பளபளக்கும் சுருளைப் படமெடுத்து அனுப்பினேன். "மெக்கானிக் எங்கள் ஊழியர் அல்ல, கூட்டாளி" என்றார்கள். பணம் வாங்கும்போது மட்டும் அவர் உங்கள் ஆளா? கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த சர்வீஸுக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். பாதிச் சம்பளத்துக்குக் கூப்பன். மீதி மூன்று பிளக்கையும் இவர்களிடம் கொடுத்து உடைத்துக்கொள்ளவா?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். அலுமினிய ஹெட்டில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கைத் தொட விடுங்கள், சூட்டில் மரை சீக்கிரம் உரியும். கழற்றுமுன் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து எடுக்கச் சொல்லுங்கள். கை ஸ்பேனர் மட்டும்தான், இம்பாக்ட் கன்னை வெளியே எடுத்தாலே வேலையை நிறுத்துங்கள். லேசாக அசைந்தால் உடனே முழுக்கத் திருகாமல், ஆயில் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். புது பிளக்கை முதல் சில சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். கழற்றிய பிளக்கை வாங்கி மரையைப் பாருங்கள், வெள்ளையாக ஏதாவது சுற்றியிருந்தால் ஆளைப் போக விடாதீர்கள், அங்கேயே எழுதி வாங்குங்கள். காசும் அதுவரை கொடுக்காதீர்கள்.