திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஆறு மாத ஊழியப் பயிற்சி: போய் வந்தவன் எழுதுகிறேன்

ஐந்துக்கு மூன்றரை. நாலு கொடுக்கத்தான் நினைத்தேன், அவர்கள் கொடுத்த நோட்ஸைத் திரும்ப எடுத்துப் பார்த்ததும் அரை குறைந்துவிட்டது.

சபைப் பொறுப்புகளுக்கு இளையவர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சி இது. சனிக்கிழமை முழுநாள், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு பின்னேரம் வரை, மொத்தம் ஆறு மாதம். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் காசு வாங்குகிறார்கள். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

நான் சந்தேகத்தோடுதான் போனேன், காரணம் இருக்கிறது. இதற்கு முன் வேறொரு சபையில் இரண்டு வருடம் 'ஊழியப் பயிற்சி' என்ற பெயரில் போதகரின் வான் கழுவி, பை தூக்கி, அவருடைய பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்கியவன் நான். ஏன் என்று கேட்டால் எலியா தீர்க்கதரிசியின் சீடன் எலிசாவைக் காட்டுவார்கள். 2 இராஜாக்கள் 3இல், எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதானே எலிசாவை ராஜாவுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள், அப்படித்தான் ஆள் உருவாவான் என்பார்கள். வசனம் சரிதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஒரு நோயாளி வீட்டுக்குக்கூட என்னைக் கூட்டிப் போனதில்லை, வேதத்தில் என்ன வாசிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டதுமில்லை.

அதனால் முதல் நாள் காலையில் தும்புத்தடியைக் கையில் தந்து முற்றத்தைக் காட்டியபோது, சரி, இங்கேயும் இதே கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, இரவு மான்கள் உள்ளே வந்தால் குப்பைப் பை ஒன்றும் முழுசாக மிஞ்சாது, நாலு பேர் கூட்டினாலும் முக்கால் மணி நேரம் போகும். கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனால், பயிற்சியின் பொறுப்பாளர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கழிவறை கழுவிக்கொண்டிருக்கிறார். புது ஆட்களுக்குக் காட்டும் படம் என்று அதையும் நம்பவில்லை. அடுத்த கிழமையும் கழுவினார். ஐந்தாம் மாதம், மாரி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமையும் கழுவினார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்று பிரித்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் வயதான ஒரு மூப்பர், 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் லோஞ்சில் மூதூருக்குப் போய் வீடு சந்தித்த ஆள். பேச்சு குறைவு. எலிசா விஷயத்தை அவரிடம் ஒரு நாள் கொட்டித் தீர்த்தேன். "தம்பி, எலிசா குருவுக்குத் தண்ணி வார்த்தவன், சரி. யோவான் பதின்மூன்றில ஆர் ஆருக்குத் தண்ணி வார்த்தது? ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் படியும்" என்றார், அவ்வளவுதான். இயேசு தன் சீஷர்களின் கால்களைக் கழுவும் அதிகாரம் அது. (பெரிய வியாழனில் கால் கழுவும் ஆராதனைக்கு வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறோமே, அந்தக் கூத்தைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.)

மூன்றாம் மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்த என்னை விட்டார்கள். தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் வீடு. நான் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன், நன்றாகத்தான் பண்ணினேன் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது மூப்பர் ஐயா ஒன்றும் பேசவில்லை, நிலாவெளி வீதிக்கு ஏறிய பிறகு கேட்டார்: "அந்த அம்மா கையில என்ன வச்சிருந்தவ?" எனக்குத் தெரியவில்லை. கிளினிக் கொப்பி. மருந்து முடிந்துவிட்டது, போய் எடுக்க ஆள் இல்லை, யாராவது கேட்பார்களா என்று கூட்டம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அடுத்த கிளினிக் நாளில் விடியவே போய் வரிசையில் நின்று அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான், ஐயா என் பக்கத்தில் நின்றார்.

இனிக் கூட்டம் தரமாட்டார்கள் என்றிருந்தேன். அன்றைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் மாற்குவைப் பற்றிச் சொன்னார். அப்போஸ்தலர் 15இல், முந்திய ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுப் போனவன், இவன் வேண்டாம் என்று பவுல் ஒதுக்குகிறார், பர்னபா கூட்டிக்கொண்டு போகிறார், 2 தீமோத்தேயு 4இல் அதே பவுல் அவனைக் கூட்டி வா, எனக்குப் பிரயோசனமானவன் என்கிறார். அடுத்த மாதம் அதே அம்மா வீட்டில் அடுத்த கூட்டம், பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன்.

இனிக் குறைகள். நோட்ஸ் எங்கேயோ மொழிபெயர்த்ததைப் போட்டோக்கொப்பி அடித்தது, ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மூன்று தரம் வாசிக்க வேண்டும். மண்டபம் தகரக் கூரை, மழை வந்தால் பாடம் இல்லை. வழிகாட்டி அமைவது அதிர்ஷ்டம். என்னோடு வந்த நிலாவெளிப் பொடியன் ஆறு மாதத்தில் தன்னுடையவரை மூன்று தரம்தான் கண்டான், அவன் எழுதினால் இந்த விமர்சனம் வேறு மாதிரி இருக்கும். அப்புறம், வந்திருந்த நாலு அக்காமாரையும் முதல் கிழமையே ஒருவரும் சொல்லாமலே குசினிக்குள் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் கிழமை ஒரு அக்கா எழும்பி, அப்போஸ்தலர் 6இல் பந்தி பரிமாறத் தெரிந்தெடுத்த ஏழு பேரும் ஆம்பிளையள்தானே என்று கேட்டா. பொறுப்பாளர் சிரித்துவிட்டு அன்றைக்கே முறைப்பட்டியலை மாற்றினார், அதன் பிறகு சோறு ஒரு நாளும் சரியாக வேகவில்லை.

பட்டம் வேண்டுபவர்கள் இங்கே வராதீர்கள். அதற்கு 1963இலிருந்து கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இறையியல் கல்லூரி இருக்கிறது, தமிழிலும் படிக்கலாம். இங்கே கடைசி நாளில் தருவது ஒரு தாளும் ஒரு பிளேன்டீயும்தான். சபையில் இளைஞர் பொறுப்போ ஓய்வுநாள் பள்ளியோ எடுக்கப் போகிறவர்களுக்கு, வேலைக்குப் போய்க்கொண்டே வர முடியும் என்பதால், நான் தாராளமாகச் சொல்வேன். பதியும்போதே வழிகாட்டி யார், கிழமைக்கு எத்தனை தரம் சந்திப்பார் என்று கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். குடிதண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். தும்புத்தடி தேவையில்லை, அங்கே நாலு இருக்கிறது, இரண்டுக்குப் பிடி ஆடும்.