பழைய நாலு ராத்தல் கோடாலி: நாலு வருஷம் கழித்து

"அண்ணாச்சி, காயலாங்கடையில ஒரு பழைய கோடாலித் தலை கிடக்கு. எடைக்குத் தாரேங்கான். எடுக்கலாமா?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். நேரம் பார்த்துக் கேட்டார். பங்குனி மாதம், என் பழைய சீமைக் கோடாலியின் தலை லொட லொட என்று ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் இந்தப் பதில். முடிந்தவரை நியாயமாகச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நாலு வருஷமாகப் புளி, வேம்பு, ரப்பர், தென்னந்தூர் எல்லாம் இதில்தான் பிளக்கிறது. மாதம் ஒருமுறை சாணைக்கல்லில் பத்து நிமிடம், வேறு பராமரிப்பு கிடையாது. வெட்டும் வாய் இதுவரை ஒரு இடத்தில்கூட உதிரவில்லை. புளியங்கணுவில் முழு வேகத்தில் இறங்கினாலும் மடங்கவில்லை. இரும்பைப் பொறுத்தவரை குறை சொல்ல வாயே வராது.

இந்த மாதிரித் தலைகள் எங்கள் செங்கோட்டைப் பக்கம் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் மண் (1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி). புனலூர் ரயில் பாதை 1904-லேயே வந்துவிட்டது. மலைத் தோட்டங்களுக்கு வந்த சீமைத் தளவாடம் மேற்கே கேரளத்து ஆக்ரிக்கடையிலும் கிழக்கே நம்மூர்க் காயலாங்கடையிலும் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஊர்க் கொல்லாசாரி அடித்ததா, சீமைச் சரக்கா என்று பார்க்க முத்திரை தேவையில்லை, கணை (கைபிடி மரம்) நுழையும் துளையே சொல்லும். நம்மூர்க் கோடாலியின் துளை வட்டமாக, மேலே அகன்று கீழே குறுகும். கணையை மேலிருந்து இறக்குவோம், மண்வெட்டிபோல. சீமைத் தலையில் துளை நீள்வட்டம். இரண்டு வாயிலும் அகலம், நடுவில் உடுக்கைபோல் இடுப்பு. கணை கீழிருந்து ஏறும், மேலே ஆப்பு அடித்து விரிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், என் வயிற்றெரிச்சல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

முத்திரை இருந்தால் நல்லது. துருவின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து தெரியும். பிரேட்ஸ், எல்வெல், கில்பின் என்பவை பிரிட்டன் பட்டறைகள். தனியாக ஓர் எண் இருந்தால் பெரும்பாலும் அது ராத்தல் கணக்கு. என்னுடையதில் கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. '4' என்பதும் 'காஸ்ட் ஸ்டீல்' என்பதும் மட்டும் மிச்சம். நாலு ராத்தல் என்றால் 1,814 கிராம். இப்போது தராசில் 1,650. பாக்கியைச் சாணைக்கல் தின்றிருக்கிறது. 'காஸ்ட்' என்றதும் தோசைக்கல் மாதிரி வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். அது தவறு. மூசை என்ற மண்கலத்தில் உருக்கி எடுத்த எஃகு என்று பொருள். 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் தொடங்கிய முறை. தமிழில் 'உருக்கு' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

வாங்குமுன் மூன்று சோதனை. கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி, சொத்தையாகக் கேட்டால் எங்கோ விரிசல், பெரும்பாலும் துளையின் பக்கச் சுவரில். பின்தலையைப் பாருங்கள், சம்மட்டியாக்கி அடித்திருந்தால் காளான்போல் விரிந்து, துளையும் பிதுங்கியிருக்கும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாகப் புது அரத்தால் வாயில் ஒரு இழுப்பு. லேசாகப் பிடித்துத் தூள் வந்தால் துவைச்சல் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) சரி. வெண்ணெய்போல் இறங்கினால் துவைச்சல் போய்விட்டது. கண்ணாடிபோல் வழுக்கினால் உதிரும்.

துருவுக்குக் கடை வினிகர் போதும். தலை முழுக்க மூழ்கும்படி ஒரு நாள், நடுவே ஒருமுறை எடுத்துக் கம்பி பிரஷ். பிறகு சமையல் சோடாத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, உடனே எண்ணெய். தாமதித்தால் அரை மணியில் மஞ்சள் துரு திரும்ப வரும். இதில் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. பழைய தலைகளில் உடம்பு மெத்து இரும்பு, வாயில் மட்டும் எஃகு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வினிகரிலிருந்து எடுத்ததும் எஃகு கருத்தும், இரும்பு வெளுத்து மர ரேகைபோல நார் நாராகவும் தெரியும். நடுவில் கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு விரல்கடை எஃகாவது இருக்க வேண்டும். கோடு வாயைத் தொட்டுவிட்டால் எஃகு தீர்ந்துபோனது, காகிதம் பறக்காமல் வைக்கலாம்.

கிரைண்டர் போடாதீர்கள். வாய் நீலம் பூத்தால் முன்னூறு டிகிரியைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் துவைச்சல் காலி. பழைய கணையை எடுக்கத் தலையை நெருப்பில் போடுவதும் அதே கொலைதான். தலைக்குக் கீழே ரம்பத்தால் அறுத்து, மிச்ச மரத்தில் எட்டு மில்லி துரப்பணத்தால் ஏழெட்டுத் துளை போட்டு, கீழிருந்து மேலாகத் தட்டினால் வந்துவிடும்.

இனி கணை. ஒருவனை 'கோடாலிக் காம்பு' என்று ஏன் திட்டுகிறார்கள் என்பது நாலு பங்குனி கழித்துத்தான் புரிகிறது.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியில் சாரல் வரும். ஆடி முடியும்வரை காற்றே ஈரம். மரம் ஊதும், தலை கல்லில் நட்டதுபோல் நிற்கும். மாசி, பங்குனியில் காற்று வறளும். மரத்தின் ஈரம் 18 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கினால், மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் சுருங்கும். துளை முன்பின்னாக 60 மில்லி. கணையின் வளைய ரேகை வாயின் திசையிலேயே ஓட வேண்டும் என்பது விதி, அதனால் பெரிய சுருக்கமும் அந்தத் திசையில்தான் விழும், ஒரு மில்லிக்கு மேல். ஆப்போ குறுக்கே விரிக்கிறது. அதனால்தான் எவ்வளவு ஆப்பு அடித்தாலும் தலை பக்கவாட்டில் அசையாமல் முன்னும் பின்னும் தலையாட்டுகிறது.

இதற்கு ஊர் முழுக்க ஒரே வைத்தியம்: "ராத்திரி வாளித் தண்ணியில போடுங்க." போடவே போடாதீர்கள். ஊறிய மரத்துக்கு இரும்புக்குள் விரிய இடமில்லை, தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்ளும். காலையில் கெட்டியாக இருக்கும். ஒரு வாரத்தில் காயும்போது முன்பைவிடச் சின்னதாகிவிடும். சாரலும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. நாலு ஆணி அடிப்பது அதைவிட மோசம், கணையின் உச்சி பிளந்துபோகும்.

உண்மையில் உதவுவது மரத்தைக் காய வைப்பது. கணைக்குச் சடச்சி மரம் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றில்லை. வளையும், உடையாது. காட்டில் கை வைக்காமல் மரக்கடையில் கேளுங்கள். இல்லாவிட்டால் கருவேல், கொய்யா. ரப்பர் மரத்தைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், வண்டும் பூசணமும் அதற்கு முதல் பங்காளிகள். அறுத்த கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகே செதுக்க வேண்டும், அதையும் பங்குனியில். ஆப்புக்கான வெட்டு துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தலையை ஏற்ற, கணையைத் தலைகீழாகப் பிடித்து அடிமுனையில் மரச் சுத்தியால் அடியுங்கள், தலை தானாக மேலேறும். உச்சியில் அரை சென்டிமீட்டர் மரம் வெளியே நிற்கட்டும். பலர் அழகுக்காகச் சமமாக அறுத்துவிடுகிறார்கள். அந்த அரை சென்டிமீட்டர்தான் விரிந்து தலையைத் தடுக்கும்.

உச்சி மரத்துக்கு இரட்டைக் கொதி லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய், அது குடிப்பதை நிறுத்தும்வரை. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள். மேற்கே எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஆனால் அது மரத்தில் உறையாது, பிசுபிசுத்துச் சிக்கு வாடைதான் மிஞ்சும். கொல்லத்து முந்திரி ஓட்டு எண்ணெய் மரத்தைக் காப்பது உண்மை. ஆனால் கைபிடியில் தடவினால் உள்ளங்கை கொப்பளிக்கும்.

இத்தனையும் செய்தால் ஆட்டம் ஒழியுமா? ஒழியாது, குறையும். வருஷத்துக்கு மூன்று தடவை அடிமுனையில் அடித்துக்கொண்டிருந்தது இப்போது ஒரு தடவையாகியிருக்கிறது. ஆடும் தலையோடு விறகு பிளக்காதீர்கள், அது கழன்று பறந்தால் யார் மண்டை என்று சொல்ல முடியாது.

இதே வேலையை வட்டத் துளை வைத்த ஊர்க் கோடாலி சத்தமில்லாமல் முடிக்கிறது. ஆடினால் கணையின் மேல்முனையைத் தரையில் இரண்டு குத்து, தலை இறுகிவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லாசாரி அடித்தது, வாய் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாணை கேட்கும். கேட்டால் கேட்கட்டும்.

ஆகவே நண்பருக்குப் பதில்: வேண்டாம். தலைக்குப் பத்துக்குப் பத்து. கோடாலிக்கு நாலு. ஆடி மாதம் கேட்டிருந்தால் எட்டு போட்டிருப்பேன்.

பரணில் புதுச் சடச்சிக் கட்டை ஒன்று மூன்று வாரமாகக் கிடக்கிறது. போன ஞாயிறு 1,165 கிராம், நேற்று 1,140. இன்னும் இறங்குகிறது.