மூன்று நாள் கவனிப்புக்குப் பணம் கட்டினேன், வந்தது ஒரே போட்டோ

பெங்களூரில் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு அதே மாதிரி இன்னொரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டால் நான் எழுதி என்ன பயன்?

எங்கள் மிளகுக்கு எட்டு மாதம். முழுக் கறுப்பு, முன் இடது காலில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. ஜூன் மாதம் கத்த ஆரம்பித்தாள். அல்சூரில் எங்கள் சந்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ராத்திரி இரண்டு மணிக்கு இவள் கூப்பிட, மொட்டை மாடியிலிருந்து இரண்டு கடுவன்கள் பதில் சொல்ல, எதிர்வீட்டு மாமா ஜன்னலைத் திறந்து டார்ச் அடிக்க, ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை. நாலு மாதத்திலேயே பூனை பருவத்துக்கு வந்துவிடலாம், வெளியே ஓடினால் ஒன்பது வாரத்தில் குட்டி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐந்து மாதத்திலேயே செய்திருக்க வேண்டும். அது என் தப்பு.

நானும் அவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் அத்தை மட்டும்தான், அவருக்கு முட்டிவலி. அதனால் ‘ஆபரேஷன் பேக்கேஜ்’ என்று போட்டிருந்த இடத்தைத் தேடிப் பிடித்தோம். ஆபரேஷனுக்கு 6,000. மூன்று ராத்திரி அங்கேயே வைத்துக் காயத்தைப் பார்த்துக்கொள்ள ராத்திரிக்கு 800. கழுத்துக் காலரும் மருந்தும் 600. மொத்தம் 9,000 ரூபாய், முழுவதும் முன்பணம். வியாழக்கிழமை காலை விட்டோம். மத்தியானம் போன் வந்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று. அதில் பொய் இல்லை. கத்தி பிடித்தவர் வேலையைச் சரியாகவே செய்திருந்தார் என்று பிறகு இன்னொரு டாக்டரே சொன்னார். ஏமாற்று அதற்கப்புறம்தான்.

தினமும் காலையில் ஒரு போட்டோ அனுப்புவோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. கூண்டுக்குள் மிளகு சுருண்டு படுத்திருக்கிறாள், கீழே கன்னடப் பேப்பர் விரித்திருக்கிறது. பேப்பரில் ஏதோ நகைக்கடை விளம்பரம். மடிப்பில் சிக்கி மணப்பெண்ணுக்கு மூக்குக்கு மேலே மட்டும்தான் முகம். சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் எடுத்த மாதிரி ஒரு படம். அதிலும் அதே மடிப்பு, அதே அரை முகத்து மணப்பெண். எனக்கு லேசாக உறுத்தியது. எங்கள் வீட்டில் ஒரு பேப்பரை மிளகு பத்து நிமிஷம் முழுதாக விட்டுவைத்ததில்லை. மயக்க மருந்தின் அசதியாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பார்த்தது அவர்தான். “இவளுக்கு வெள்ளைச் சாக்ஸ் எந்தக் கால்ல?” என்று கேட்டார். படத்தில் அது வலது காலில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள். பேப்பரில் இருந்த எழுத்து ஒன்றுகூட எனக்குப் படிக்க வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைப் படத்தையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! மூன்று நாளும் ஒரே படம்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் இல்லை. ஒரு பையன் கூண்டைத் திறந்து மிளகைத் தூக்கி எங்கள் கூடையில் வைத்தான். கழுத்தில் காலர் இல்லை. கிட்டே போனதும் ஒரு வாடை, அழுக்குத் துணியை மூடி வைத்து மறந்த மாதிரி. வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். சிரைத்த இடத்தில் நடுவில் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் தையல். மேல்பாதி ஒழுங்காக இருந்தது. கீழே இரண்டு தையலைக் காணோம். அந்த இடம் வாய் பிளந்து, ஓரம் சிவந்து, சுற்றியிருந்த முடியெல்லாம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. நக்கி நக்கியே பிரித்திருக்கிறாள். பூனை நாக்கு அரம் மாதிரி சொரசொரவென்றிருக்குமே, அதற்கு முன்னால் நூல் எம்மாத்திரம்?

“ஏனூ ஆகல்ல மேடம்” என்றான் பையன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினான். “ரெண்டு நாள்ல காஞ்சிடும்க்கா. டெட்டால் ஊத்தித் துடைச்சு விடுங்க.” காலர் எங்கே என்று கேட்டதற்கு, போட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறது, அதனால் கழற்றிவிட்டோம் என்றான். 600 ரூபாய்க் காலர் கூண்டின் மேலேயே இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

கிளம்பும்போது ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தான். வலிக்கு, காலை மாலை கால் கால் மாத்திரை. என்ன மாத்திரை என்றேன். “நம்ம போடறதுதான்க்கா, சாதாரணம்” என்றான். பேர் தெரியாதபடி அட்டையைக் கத்தரித்திருந்தார்கள். ஆனால் கத்தரிக்கோல் முழுசாகப் போகவில்லை. பின்பக்கத்து ஓரத்தில் ‘...மால் ஐ.பி. 500 மி.கி.’ என்று மிச்சம் இருந்தது. அந்த வாலை வைத்துத்தான் பிழைத்தோம். அது பாராசிட்டமால்.

இந்தப் பதிவில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நாம் ஜுரம் வந்தால் போடுகிற அதே மாத்திரைதான். அதை உடைத்து வெளியேற்றுகிற வேலையை மனிதக் கல்லீரல் செய்கிற மாதிரி பூனையின் கல்லீரலால் செய்ய முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியை இழந்துவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். மிளகின் எடை மூன்று கிலோ. அவளுக்குக் கால் மாத்திரையே உயிருக்கு உலை. தெரியாமல் கொடுத்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எனக்கு இது முன்பே தெரியாது. ராத்திரி அட்டையைப் படம் பிடித்து, பூனை வளர்க்கிற ஆபீஸ் தோழிக்கு அனுப்பினேன். பதில் எழுதாமல் நேரே போன் பண்ணி, “குடுத்துட்டியா?” என்று கத்தினாள். நல்லவேளை, கொடுக்கவில்லை. சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம் என்று பொட்டலத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு லேடி டாக்டரின் வாசலில் நின்றோம். முதலில் ஜுரம் பார்த்தார், 103.8. பூனைக்கு 102.5 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். பிறகு ஈறை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் எவ்வளவு சீக்கிரம் ரோஸ் திரும்புகிறது என்று பார்த்தார். ஈறு வெளுத்துப்போய் பூனையும் துவண்டு கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயப்பட வேண்டுமாம். மிளகுக்கு அது இல்லை.

அப்புறம் மருந்துச்சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினார். வயிற்றைத் திறந்தால் தோலை மட்டும் தைத்து மூடுவதில்லை. உள்ளே தசையை ஒட்டிய உறையை ஒரு வரிசை தைப்பார்கள், அது தானாகக் கரைகிற நூல். வெளியே தோலுக்கு இன்னொரு வரிசை. கரையாத நூல் என்றால் பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பிரிப்பார்கள். “உள்தையல் கதவோட தாழ்ப்பாள் மாதிரி, வெளியில இருக்கறது கொக்கிம்மா. இவளுக்குக் கொக்கிதான் போயிருக்கு” என்றார். தாழ்ப்பாள் போயிருந்தால் குடலே வெளியே வந்துவிடும். அப்படி ஏதாவது பிதுங்கித் தெரிந்தால் உள்ளே தள்ளப் பார்க்காமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு வரச் சொன்னார்.

சீழ் பிடித்த இடத்தை உடனே தைத்து மூடினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடுமாம். அதனால் தைக்காமல் சலைனால் கழுவி, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, காலர் மாட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார். அடியிலிருந்து சதை வளர்ந்து மூடியது. சரியாக 19 நாள் ஆனது. ஒழுங்காகக் காலர் போட்டிருந்தால் பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்து முடிந்திருக்கும். இதற்கு 5,700 ரூபாய் தனி.

அந்த 19 நாளில் நான் கற்றதை முதல் கிளினிக்காரர்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாலே போதும். முதல் இரண்டு மூன்று நாள் தையலோரம் லேசாகச் சிவந்து, தொட்டால் கொஞ்சம் தடிப்பாக இருப்பது சாதாரணம். நாளுக்கு நாள் அது குறைய வேண்டும், கூடக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று தெரிகிறது. (உங்கள் போனில் நீங்களே எடுத்த படம்!) மெத்தென்று தண்ணீர்ப்பை மாதிரி வீங்கினால் பெரும்பாலும் அதிகமாகக் குதித்ததால் சேர்ந்த நீர், அதையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கசிவு, வாடை, சூடு, வாய் பிளப்பது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

காலர் மூக்கு நுனியைவிடக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். போட்டதும் மிளகு ஒரு மணி நேரம் பின்னாலேயே நடந்து சோபாவில் முட்டிக்கொண்டாள். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக் கழற்றுகிற அந்தப் பத்து நிமிஷம் போதும் அவளுக்கு. சாப்பிட மாட்டேன் என்பதும் சும்மா. அகலத் தட்டை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்ததும் காலரைத் தட்டின் மேல் கவிழ்த்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். மலம் கழிக்கிற தட்டில் மணல் காயத்தில் ஒட்டும் என்பதால் பேப்பரைக் கிழித்துப் போட்டோம். குளிப்பாட்டவே இல்லை.

அத்தை மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் வைத்திருந்தார்: காயத்தில் தடவுவதெல்லாம் கடைசியில் பூனையின் வயிற்றுக்குத்தான் போகும். டெட்டாலும் அப்படித்தான், அதிலிருக்கிற மருந்தைப் பூனையின் உடம்பு தாங்காது. அத்தை மஞ்சளை மூடி வைத்துவிட்டு, “எனக்கு மூணு பிரசவம், ஒருத்தரும் இப்படி ஈறைத் தொட்டுப் பாக்கலை” என்று முணுமுணுத்தார். ராத்திரி மிளகின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்ததும் அவர்தான்.

முதல் கிளினிக்கிற்கு எல்லாப் படங்களோடும் எழுதினேன். உங்கள் வீட்டில் நக்கியிருக்கும் என்று பதில் வந்தது. வாசலிலேயே கூடையைத் திறந்து நான் எடுத்த படத்தில் ஞாயிறு மாலை 6.10 என்று நேரம் இருக்கிறது, பின்னால் அவர்களுடைய கண்ணாடிக் கதவும் தெரிகிறது. அதை அனுப்பியதும் பேச்சில்லை. நீங்களும் பூனையை வாங்கின இடத்திலேயே வயிற்றைத் திருப்பிப் படம் எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து எடுத்தால் செல்லாது.

ஆபரேஷன் விவரம் கேட்டேன். அரைப் பக்கம் வந்தது. பூனையின் எடை இல்லை, கொடுத்த மயக்க மருந்தின் பெயர் இல்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை. 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அதைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு என்று நினைத்துச் சும்மா இருந்தேன் பாருங்கள், அது என் இரண்டாவது தப்பு. மூன்றாவது, ராத்திரி அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்காதது. இரவில் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ராத்திரிக்கு 800 ரூபாய் ஒரு பூட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்த பணம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் கட்டணம் கிடையாது. பத்து நாள் கழித்துக் கிளினிக்கிலிருந்து போன், 2,400 திருப்பித் தருகிறோம் என்று. போனேன். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது, சேவையில் முழுத் திருப்தி, எந்தப் புகாரும் இல்லை என்று அச்சடித்து. அதில் கையெழுத்துப் போட்டால்தான் பணமாம். அந்தத் தாளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.