ஏற்காட்டுத் தேன்பெட்டி ஏலம்: பெட்டிக்குத் தைரியமாகக் கேளுங்கள், ஈக்குக் கேட்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டமொன்றில் தை மாதக் கடைசியில் நடந்த ஏலத்துக்கு மூன்று வகைச் சரக்கு வந்திருந்தது: காலித் தேன்பெட்டிகள், தேன் எடுக்கும் மெஷின் போன்ற தளவாடங்கள், ஈ குடியிருக்கும் பெட்டிகள். முதல் இரண்டும் கொடுத்த காசுக்குத் தகும். மூன்றாவதை ஏலம் விட்ட முறைதான் கோளாறு.

காலிப் பெட்டிகள் எல்லாம் அடுக்குத் தேனீக்கான, அதாவது பெட்டியில் வளர்க்கும் நம்மூர்த் தேனீக்கான, நியூட்டன் வகைப் பெட்டிகள். ஈ குஞ்சு வளர்க்கும் புழு அறையில் தேனடை கட்டுவதற்கான மரச்சட்டம் 7, அதன்மேல் தேன் அறை. பாதிக்கு மேல் பழைய தேக்கு. மழையில் கிடந்து கறுத்திருந்தாலும் மூலைப் பொருத்து விடவில்லை. ரப்பர் மரப் பெட்டிகளின் அடிப்பலகை உப்பிப்போயிருந்தது, அதை விறகு விலைக்குக் கேட்டாலும் நஷ்டம். ஆசாரிக்கு ஆசாரி அளவு மாறும். அதனால் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துக் கேட்பது நல்லது. சட்டத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே சுமார் 8 மில்லிமீட்டர் சந்து நிற்க வேண்டும். கூடினால் அங்கேயும் அடை கட்டிச் சுவரோடு ஒட்டிவிடும், தூக்கும்போது கிழியும்.

இத்தாலியத் தேனீ மாதிரி அடுக்குத் தேனீ பிசின் கொண்டுவந்து இடுக்கை அடைக்காது. மூடியில் விரிசல் என்றால் கடைசிவரை விரிசல்தான். மெழுகு அந்துப்பூச்சி நுழைய அது போதும். பழைய கறுத்த அடைகளில் ஓடியிருந்த வெள்ளை நூலைச் சிலந்தி வலை என்று சிலர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அது அந்துப்புழு போட்ட பாதை. அந்த அடைகளை வெட்டி உருக்கிவிட்டு, பெட்டிக்குள் தீ காட்டிய பிறகே ஈயைக் குடிவைக்கலாம்.

மெஷின்களில் எவர்சில்வரும் இருந்தது, நாகத் தகடும் இருந்தது. தேனில் புளிப்பு உண்டு. நாக முலாமைக் கரைக்கும். எவர்சில்வரை மட்டும் கேளுங்கள். கைப்பிடியைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தால் பல்சக்கரம் தேய்ந்ததா என்பது தெரிந்துவிடும். அடை கட்ட அடித்தளமாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாள் கட்டுகள் மலிவாகப் போயின, ஆனால் அவை இத்தாலியத் தேனீக்கானவை. அறைக் கண் பெரிது, அடுக்குத் தேனீ அதில் தேன் சேர்க்காத ஆண் ஈக்கு அறை கட்டித்தான் பொழுதைக் கழிக்கும்.

இனி ஈப்பெட்டி. தோட்டத்தில் அங்கங்கே நின்றவற்றை முந்தின ராத்திரி தூக்கிவந்து காப்பி காயப்போடும் களத்தில் வரிசையாக வைத்துவிட்டார்கள். பெட்டியை நகர்த்தினால் 3 அடிக்குள் நகர்த்து, இல்லையென்றால் 2 கிலோமீட்டர் தாண்டி வை என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். காலையில் மேயப் போன ஈ பழைய இடத்துக்கே திரும்பி, வெறும் கல்லின்மேல் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தது. மிச்சம் வழி தெரியாமல் ஓரப் பெட்டிகளில் ஏறியது. அந்த வாசல்களில் நடமாட்டம் பலமாகத் தெரிந்ததால் ஏலக் கேள்வியும் அவற்றுக்கே ஏறியது! வாங்கியவர் ஊரான் வீட்டு ஈக்கு விலை கொடுத்தார்.

மூடியைத் திறக்க விடவில்லை. கிளறினால் ஈ ஓடிவிடும் என்றார்கள். அதில் ஞாயம் இல்லாமல் இல்லை, அடுக்குத் தேனீ கோபித்துக்கொண்டு கூட்டோடு கிளம்பும் சாதிதான். ஆனால் எத்தனை சட்டத்தில் ஈ, எத்தனையில் புழு, ராணி உண்டா என்று முந்தின நாளே பார்த்துப் பெட்டிமேல் சாக்பீஸில் எழுதிவைக்க, ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

மூன்று தரம் சொல்லி முடித்தபின் திறந்த ஒரு பெட்டியில் அறைக் கண்ணுக்கு மூன்று நான்கு முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தது. மூடிய அறைகள் குமிழாகப் புடைத்து, நடுவில் ஊசித்துளை. ராணி போய் நாளாகி, வேலைக்கார ஈயே முட்டையிடும் கூட்டம் அது. வருவதெல்லாம் ஆண் ஈ. புது ராணியை விட்டாலும் லேசில் ஏற்காது. நல்ல பெட்டியில் கண்ணுக்கு ஒரே முட்டை, அடியில் நடுவாக இருக்கும். முட்டை 3 நாளில் பொரிந்துவிடும் என்பதால், அதைப் பார்த்தாலே மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்தது உறுதி, ராணியைத் தேடி அலைய வேண்டாம். புழு முத்துமாதிரி வெளுப்பாக இருக்க வேண்டும். தலை நிமிர்ந்து, நீர் கோத்த பைபோலத் தொங்கினால் கையை எடுத்துவிடுங்கள்: அது தாய்லாந்து சாக்புரூட். 1990-களின் தொடக்கத்தில் தென்னாட்டு அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போன வைரஸ் நோய், மருந்து கிடையாது.

மாசியில் இரண்டு சட்டக் கூட்டம் வாங்கிக் காப்பிப் பூவுக்குத் தேன் எடுக்க நினைப்பதும் வீண். முட்டை ஈயாக 18 முதல் 20 நாள், அது மேயப் போக இன்னும் சுமார் இரண்டு வாரம். பூவோ, மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் வெடித்து, மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். 5 சட்டத்துக்குக் குறைந்ததைக் கேட்க வேண்டாம்.

நடுப்பகலிலேயே பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது அடுத்த தப்பு. பொழுது சாய்ந்து ஈ அடங்கியபின் வாசலைக் கம்பி வலையால் அடைத்துத்தான் தூக்க வேண்டும். தேன் நிறைந்த சட்டங்களைக் கழற்றிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் புது அடை முறிந்து ராணி தேனில் மூழ்கும்.

பெட்டியைத் தாங்கும் கால்களைத் தனி ஏல எண்ணில் விட்டார்கள், எறும்புக் கிண்ணம் கணக்கிலேயே இல்லை. இறக்கிய அன்று ராத்திரியே எறும்பு ஏறும். காலுக்கு ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.