பொள்ளாச்சிக்கும் மெக்சிகோவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கனெக்ட் குவிஸ் பொட்டி பற்றி

கோவையில் தயாராகி வந்திருக்கும் இந்த அட்டைப் பொட்டியின் விலை 480 ரூபாய். உள்ளே 120 அட்டைகள். நாலு அட்டைக்கு ஒரு முடிச்சு என்ற கணக்கில் 30 முடிச்சுகள். கூடவே ஒரு விடைப் புத்தகம், ஒரு மணல் கடிகாரம், புள்ளி எழுத ஒரு சின்னத் தாள் கட்டு. ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு தகவலைக் காட்டி, நாலும் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கிற ஆட்டம். வரலாறு, புவியியல், அரசியல் மூன்றும் கலந்து வரும். பாதி முடிச்சுகளாவது கொங்கு மண்ணைத் தொட்டுவிட்டுத்தான் உலகம் சுற்றும். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பொட்டியில் அச்சடித்த வரிசைப்படி ஆடினால் பாதி ருசி போய்விடும்.

காரணத்தை ஒரு முடிச்சை வைத்தே காட்டலாம். முதல் அட்டை: பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையம். இரண்டாவது: மெக்சிகோவின் சொனோரா மாநிலம். மூன்றாவது: 1970, அமைதிக்கான நோபல் பரிசு. நாலாவது: 18,000 டன். விடை, பசுமைப் புரட்சியின் கோதுமை. செங்குட்டைப்பாளையம் சி.சுப்பிரமணியம் பிறந்த ஊர். அவர் மத்திய வேளாண் அமைச்சராக இருந்தபோதுதான் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறங்கியது. அதில் ஒரு ரகத்தின் பெயரே சொனோரா 64. அந்த ரகங்களை உருவாக்கிய நார்மன் போர்லாக்குக்குத்தான் 1970இன் நோபல். அருமையான முடிச்சு, சந்தேகமில்லை. ஆனால் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் யாரிடம் முதல் அட்டையைக் காட்டினாலும் அடுத்த நொடியே "சி.எஸ்.ஊருங்களே" என்று விடை வந்து விழும். மீதி மூன்று அட்டைக்கு வேலையே இல்லை. சென்னையில் ஆடினால் இந்த வரிசை சரி. இங்கே தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

சொனோராவை முதலில் காட்டினால் மக்காச்சோளம் என்பார்கள். மெக்சிகோ என்றதும் அதுதான் வாயில் வரும். அடுத்து 18,000 டன். இந்த இடத்தில்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். மூன்றாவதாக நோபல். பொள்ளாச்சி கடைசியில் வரட்டும். அப்போதும் "ஏனுங் மாமா, தேங்காய்ங்களா?" என்று ஒருவர் கேட்பார், "தேங்காய்க்கு எவனுங் நோபல் குடுப்பான்?" என்று பதில் வரும். அந்தச் சண்டைக்குத்தான் 480 ரூபாய். கொங்கு அட்டை உள்ள எல்லா முடிச்சிலும் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அட்டையின் மூலையில் பென்சிலால் 1, 2, 3, 4 என்று புது எண் போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை.

பொட்டியிலேயே முதல் தரமான முடிச்சு சின்கோனா. வரிசையையும் தொட வேண்டியதில்லை. ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழு 1902இல் அண்டார்டிகாவில் கண்டு, தங்களை அனுப்பிவைத்த சங்கத் தலைவரின் பெயரைச் சூட்டிய மலை. பெரு நாட்டின் அரசுச் சின்னத்தில் நிற்கும் மரம். 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்த மலைப்பகுதி. கடைசியாக, மலேரியா. அந்தத் தலைவர் கிளமெண்ட்ஸ் மார்க்கம். ஸ்காட்டுக்குப் புரவலர் ஆவதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1860இல், சின்கோனாக் கன்றும் விதையும் சேகரிக்கத் தென் அமெரிக்கா போனவர். அவை வேர்விட்ட இடம் நீலகிரி. நடுவட்டம் பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழைய ஆட்கள் "கொய்னா மாத்திரை" என்று சொல்வது இந்த மரப்பட்டையிலிருந்து வந்த மலேரியா மருந்தைத்தான். பனிக்கண்டம், ஒரு நாட்டின் கொடிச்சின்னம், மாவட்டப் பிரிவினை, காய்ச்சல் என்று நாலும் நாலு திசை. ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வராது. விடை தெரிந்ததும் நாலும் பூட்டுப் போட்டதுபோல் உட்காரும்.

மோசமான முடிச்சைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஏதாவது ஒரு அட்டையை மூடிவிட்டு மீதி மூன்றை வைத்துக் கேளுங்கள். வேறு விடையும் பொருந்தினால் முடிச்சு இளகல். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் முடிச்சு இப்படித்தான் இளகிக் கிடக்கிறது. கொச்சி, பிரெட்டன்வுட்ஸ், நவம்பர் 26, கோவை. கொச்சியில் திவான், 1944இல் உலக வங்கிக்கு வித்திட்ட பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு உறுப்பினர், 1947 நவம்பர் 26இல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட், எல்லாம் சரி. ஆனால் வெறும் "நவம்பர் 26" என்றால் நாட்டில் பாதிப் பேர் அரசியல் சாசனம் என்பார்கள், 1949இல் அது ஏற்கப்பட்ட நாள் என்பதால். மீதிப் பேருக்கு மும்பைத் தாக்குதல் ஞாபகம் வரும். வருஷம் போடாத தேதி க்ளூ ஆகாது. பேனாவால் 1947 சேர்த்துவிடுங்கள். விடை சுலபமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், 1947 என்றதும் எல்லோரும் ஆகஸ்டுக்குத்தான் ஓடுவார்கள்.

தகவல் பிழை இரண்டு. இரண்டும் ரோமானிய வணிக முடிச்சில் இருப்பது கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் கொங்குக்கு அதைவிடப் பெரிய உலகக் கதை கிடையாது. படியூரின் பச்சைக்கல், பாலக்காட்டுக் கணவாய், ரோமப் பேரரசர் திபேரியஸ் தலை பொறித்த காசு என்று அழகாக வந்துவிட்டு, ரோமானிய எழுத்தாளர் பிளினி அட்டையில் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போனதாக அச்சாகியிருக்கிறது. பிளினி இரண்டு இடத்தில் இரண்டு கணக்குச் சொல்கிறார். இந்தியாவுக்கு மட்டும் என்றால் 5 கோடி. 10 கோடி என்பது இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து. குவிஸ் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் போதும், அந்தச் சுற்று அங்கேயே வழக்காகிவிடும். இன்னொன்று, விடைப் புத்தகம் பழைய வணிக ஊரான கொடுமணலை அமராவதிக் கரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அமராவதி கரூருக்கு; கொடுமணல் நொய்யல் கரை. இதை ஈரோட்டுக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

ராமானுஜன் முடிச்சில் 1729 என்ற எண்ணை முதல் அட்டையிலேயே போட்டு ஆட்டத்தைக் கொன்றிருக்கிறார்கள். நோயுற்ற ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதர் ஹார்டி அந்த எண் கொண்ட டாக்ஸியில் போய் இறங்கிய லண்டன் புட்னியை முதலில் வைத்து, ராமானுஜன் பிறந்த ஈரோட்டை மூன்றாவதாக்கி, எண்ணைக் கடைசியில் காட்டுங்கள். பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள், கோவை கிரைண்டர், டார்ஜிலிங் தேயிலை என்று வரும் புவிசார் குறியீடு முடிச்சு வெறும் பட்டியல். எடுத்து ஓரமாக வைக்கலாம். 1921 ரயில் பெட்டிச் சாவை, திரூரில் ஏற்றிய கைதிகள் மூச்சுமுட்டி இறந்து போத்தனூரில் கதவு திறந்தபோது தெரிந்த அந்தச் சம்பவத்தை, சிரித்துக்கொண்டு புள்ளி போடும் ஆட்டத்தில் சேர்த்தது சரியாகப் படவில்லை.

இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லை: கரும்பு. 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கெல்லாம் முன்னால் "கோ" நிற்பது கோயம்புத்தூரைக் குறித்துத்தான். தாளில் நாலு வரி எழுதி நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்: காட்டு நாணல் இனம், தாவரவியலாளர் ஜானகி அம்மாள், பஞ்சாபின் சர்க்கரை, கோ 205 (காட்டு நாணலைக் கலந்து உருவான கரும்பு ரகம்).

விதியில் ஒரு ஓட்டை. முதல் அட்டையில் சொன்னால் 4 புள்ளி, பிறகு 3, 2, 1. தப்பான விடைக்குக் கழிவு கிடையாது. அதனால் சத்தமாகக் கத்துகிறவர் ஜெயிப்பார். தப்பாகச் சொன்ன அணி அந்த முடிச்சு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் உடனே அமைதியாகிவிடும்.

அட்டைத் தாள் மெல்லிசு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது, மேசையில் கவிழ்த்து வைத்தே எடுக்க வேண்டும். வழவழ மேல்பூச்சில் டியூப் லைட் பட்டால் ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மணல் கடிகாரம் ஒரு நிமிஷம் என்கிறது, 48 விநாடியில் காலி. செல்போன் போதும்.

ஆறு பேர், இரண்டு இரண்டு பேராக மூன்று அணி என்றால் ஒரு சாயங்காலத்துக்குப் பத்து முடிச்சு அளவாக இருக்கும். பன்னிரண்டைத் தாண்டினால் காபிக்கு எழுந்து போனவர் திரும்பி வர மாட்டார். ஒரு தடவை விடை தெரிந்த முடிச்சு செத்த முடிச்சு என்பதால், ஒரே கூட்டத்தோடு மூன்று சாயங்காலம்தான் இந்தப் பொட்டி தாங்கும். அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டுக்கோ பள்ளி நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம், பென்சில் எண்ணோடும் பேனாத் திருத்தத்தோடும் சேர்த்து.