ஊறப்போட்ட ஆல்பம்: ‘அக்வெமினாய்’ உடன் பதினேழு ஆண்டுகள்

அட்லாண்டாவுக்கு நான் வேலைக்கு வந்தது 2007-இல். மறு வருடம் லிட்டில் ஃபைவ் பாயிண்ட்ஸ் பகுதியில், பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை ஒன்றில், ஐந்து டாலர் கொடுத்து, அவுட்காஸ்ட் என்ற அட்லாண்டா ராப் குழுவின் ‘அக்வெமினாய்’ குறுந்தகட்டை வாங்கினேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், “இந்த ஊரில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்கிறீர்களா?” என்று வீட்டு வரி கட்டாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்ததுதான் காரணம். தகட்டில் கீறல் இருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஐந்து டாலர் போனால் போகட்டும் என்று காரிலேயே போட்டுவைத்தேன். அந்தக் கீறலுக்குப் பிறகு வருகிறேன்.

அவுட்காஸ்ட் என்பது இரண்டு பேர்: ஆந்த்ரே 3000, பிக் பாய். பள்ளிக்கூட நாட்களில் அட்லாண்டாவில் சேர்ந்தவர்கள். 1998 செப்டம்பர் 29-இல் வெளியான இது அவர்களுடைய மூன்றாவது ஆல்பம். பெயரை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே நான் தடுமாறினேன். கும்ப ராசியின் ஆங்கிலப் பெயரான அக்வேரியஸையும் மிதுனத்தின் பெயரான ஜெமினியையும் ஒட்டவைத்த சொல் அது. பிக் பாய் கும்பம், ஆந்த்ரே மிதுனம். சந்திரன் நின்ற இடத்தைப் பார்க்கும் நம் ஜாதகக் கணக்கு அல்ல. பிறந்த தேதியைப் பார்க்கும் மேற்கத்தியக் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் கொண்ட பாட்டிலேயே ராசிபலன் பல நேரம் பொய் சொல்லும் என்று பாடிவைத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் இந்த ஆல்பத்தை நான் கேட்டேன் என்று சொல்வது பொய். பதினாறு தடங்களில் மூன்றைத்தான் கேட்டேன். அதிலும் பெரும்பாலும் ‘ரோஸா பார்க்ஸ்’. துள்ளலான கிதார், நடுவில் எல்லா வாத்தியங்களும் ஒதுங்கிக்கொள்ள, கைதட்டலும் கால்தட்டலும் ஹார்மோனிகாவும் மட்டும் புறப்படும் அந்த அரை நிமிடம். கிராமத்துத் தேவாலயத்தின் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல் இருக்கும். அந்த ஹார்மோனிகாவை வாசித்தவர் ஆந்த்ரேயின் வளர்ப்புத் தந்தை, ஒரு பாதிரியார் என்று பின்னால் அறிந்தபோது, என் காதை நானே மெச்சிக்கொண்டேன். பாட்டுக்கும் ரோஸா பார்க்ஸ் அம்மையாருக்கும் உள்ள தொடர்பு, பல்லவியில் வரும் பஸ்ஸின் பின் இருக்கை மட்டும்தான். மற்றக் கலைஞர்களைப் பார்த்து ‘பின்னால் போய் உட்காருங்கள்’ என்று சவால் விடுகிற பாட்டு அது. அம்மையார் தரப்பு 1999-இல் வழக்குப் போட்டது. 2005-இல் சமரசத்தில் முடிந்தது. பாட்டு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் 1955-இல் பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு அந்த எரிச்சல் வந்ததில் தவறில்லை என்றே படுகிறது.

மற்றப் பாட்டுகளைத் தாண்டிச் சென்றதற்கு எளிய காரணம், வார்த்தை புரியவில்லை. நான் படித்த ஆங்கிலம் ஒன்று, இங்கே பேசுகிற ஆங்கிலம் வேறு. கார் பழுது பார்ப்பவர் பேசுவதையே மூன்று முறை திருப்பிக் கேட்பேன். இவர்களோ சொற்களை இழுத்து, நசுக்கி, நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டுப் போவார்கள். அதிலும் பிக் பாயின் வேகம் தனி. கடைசியில், அந்தப் பழுது பார்ப்பவரை எனக்குப் புரியவைத்தது இந்த ஆல்பம்தான். ஆல்பத்தைப் புரியவைத்தவர் அவர். எது முதலில் என்று இப்போது நினைவில்லை.

இதைக் கேட்க ஏற்ற இடம் கார்தான். என் வீடு வடக்கே ஆல்ஃபரெட்டாவில், அலுவலகம் நகரின் நடுவில். இருபத்தைந்து மைல்; மாலையில் ஜிஏ 400 சாலை நினைத்தால் ஒரு மணி நேரம், முறைத்துக்கொண்டால் ஒன்றரை. ஆல்பத்தின் நீளம் ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடம். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும். போன் ஒலிபெருக்கியில் தயவுசெய்து கேட்காதீர்கள். பாதிப் பாட்டுகள் பேஸ் கிதாரின் தோளில் உட்கார்ந்திருக்கின்றன. போனில் அந்தத் தோள் காணாமல் போய்விடும். அக்கால ராப் ஆல்பங்கள் பெரும்பாலும் பழைய தட்டுகளிலிருந்து துண்டு எடுத்து ஒட்டியவை. இதில் வாத்தியக்காரர்களை ஸ்டூடியோவில் உட்காரவைத்து மணிக்கணக்கில் வாசிக்கவிட்டிருக்கிறார்கள். கார் கதவின் உட்பக்கத்தில் அது அதிர்வாகத் தெரியும்.

இப்போது கீறல்.

ஒன்பதாவது தடம் ‘கதை சொல்லும் கலை’ என்று பொருள்படும் பாட்டின் முதல் பாகம். முதலில் பிக் பாய் ஒரு பெண்ணைப் பற்றிக் கிண்டலும் சரசமுமாக ஒரு கதை சொல்வார். அடுத்து ஆந்த்ரே. சிறுவயதுத் தோழி சாஷாவுடன் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரியவர்களானதும் என்ன ஆவோம் என்று பேச்சு. நீ என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கிறார். ‘உயிரோடு’ என்கிறாள். ஒரே சொல். என் தகடு சரியாக அதற்குப் பிறகு தடுக்கும். இரண்டு முறை விக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். மூன்று ஆண்டுகள் எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. எவ்வளவு துணிச்சலான முடிவு, அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டார்களே என்று நண்பர்களிடம்கூடச் சிலாகித்திருக்கிறேன்.

2011-இல் கணினியில் பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியபோது மீதியைக் கேட்டேன். ஆந்த்ரே ஊர் ஊராகக் கச்சேரி செய்துவிட்டுத் திரும்புகிறார். சாஷா இறந்துவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம், கையில் ஊசி. வயிற்றில் இரண்டு மாதத்தில் பிறக்க வேண்டிய குழந்தை. குரலில் அழுகை கிடையாது. தாளமும் அதே சுகமான மிதப்பில் போகிறது. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். “கண்ணில் பட்டுவிட்டதா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் முழு ஆல்பத்தையும் மரியாதையாகக் கேட்கத் தொடங்கினேன். ஆனாலும் பின்பாதி வசப்படவில்லை. ஏழு நிமிடம், எட்டரை நிமிடம் என்று நீளும் பாட்டுகள். ராப் எப்போது வரும் என்று காத்திருந்தால் வராது. அதற்கு ஒரு பனிப்பொழிவு தேவைப்பட்டது.

2014 ஜனவரி 28. அட்லாண்டாவில் இருந்தவர்கள் யாரும் மறக்காத நாள். விழுந்தது இரண்டு மூன்று அங்குலப் பனிதான். வடக்கு மாநிலத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நண்பகலில் அலுவலகம், பள்ளி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டார்கள். நகரமே ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தது, சாலை உறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே தூங்கிய இரவு அது. நான் ஒரு மணிக்குக் கிளம்பி, வீடு சேர்ந்தபோது விடியற்காலை இரண்டு. போனில் சார்ஜ் போய்விடக் கூடாது. ஆகவே பழைய கீறல் தகடுதான் துணை. அதுவும் பெட்ரோல் முள்ளைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி. நான்கு முறை முழுதாக ஓடியது.

பத்தாவது தடம் உலகம் அழிகிற நாளில் இருவரும் கடைசிப் பாட்டைப் பதிவுசெய்ய ‘டன்ஜன்’ நோக்கி விரையும் கதை. டன்ஜன் என்பது தயாரிப்பாளர் ரிக்கோ வேடின் தாயார் வீட்டு நிலவறை. செம்மண் தரை, அங்கே பாடிப் பழகிய இளைஞர்களிலிருந்துதான் இந்த ஊர் இசையின் ஒரு தலைமுறையே எழுந்தது. ரிக்கோ வேட் 2024 ஏப்ரலில் காலமானார். அந்தப் பனியில், முன்னால் குறுக்கே திரும்பி நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

மூன்றாவது சுற்றில் பன்னிரண்டாவது தடம் வந்தது: ‘ஸ்பாட்டியாட்டிடோபலிஷஸ்’. பெயரைத் தமிழில் எழுதி முடிக்கவே மூச்சு வாங்குகிறது. மெதுவான பேஸ், அதன்மேல் டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து இறங்கும் ஒரு வரி. திரும்பத் திரும்ப அதே வரி, சலிக்காது. 2016-இல் பியான்சே தன் ‘ஆல் நைட்’ பாட்டுக்கு அதை எடுத்துக்கொண்டபோது யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. அன்று பக்கத்து வரிசையில் நின்ற வண்டியிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். கறுப்பினத்தவர், எழுபது வயதிருக்கும். தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினார். கண்ணாடியை இறக்கியதும் ஊதல் வெளியே போனது. அவர் கையைக் கதவில் வைத்தபடி அந்த வரி முடியும்வரை நின்றார். “நல்லது,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இந்தப் பாட்டில் யாரும் ராப் பாடுவதில்லை, பேசுகிறார்கள். ஆந்த்ரே ஒரு நடனக்கூடத்தையும் அங்கே மூளும் அடிதடியையும் சொல்வார். பிறகு பிக் பாய், ஒரு பெண்ணைச் சந்தித்தது, சில ஆண்டுகளில் குடும்பம், குழந்தை. போதைப்பொருள் விற்ற காசை நம்பிக் குழந்தைக்குச் சோறு போட முடியாது. தபால் நிலையத்திலும் பார்சல் நிறுவனத்திலும் வேலை கேட்டால், போதைப்பொருள் சோதனையில் உன் சிறுநீர் கலங்கலாக இருந்ததால் அவர்கள் திரும்ப அழைக்கவில்லை. ஆக மறுபடியும் பொறிக்குள். பொறி என்பது இந்த ஊர்ப் பேச்சில் போதைப்பொருள் விற்கும் இடத்துக்குப் பெயர். அவர் அதைச் சொல்லிவிட்டு, அதேதான், மாட்டிக்கொண்டாய் என்று அந்தச் சொல்லுக்கு அதன் பழைய அர்த்தத்தையே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பின்னாளில் ‘ட்ராப்’ என்ற அதே பெயரில் ஓர் இசைவகை இங்கிருந்து உலகமெல்லாம் போயிற்று. அதைக் கேட்டு ஆடுகிற எத்தனை பேருக்கு இந்த இரண்டு வரி தெரியும்?

2007-இல் வேலையில் சேரும் முன் நானும் ஓர் ஆய்வகத்தில் சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் கொடுத்தேன். எனக்கு அது ஒரு படிவம் நிரப்புவது மாதிரி. கொடுத்த மறு நிமிடமே மறந்துவிட்டேன். அன்று காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தான். பாவம், நல்ல தாகம் என்று நினைத்தேன். ஏழு ஆண்டுகள் கழித்து, பனியில் நகராத காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் முகம் நினைவுக்கு வந்தது.

அந்த வரிக்குப் பிறகு பிக் பாய் சொல்வது சமையல்காரர்கள் சொல் ஒன்று. கறியை மசாலாவில் பிரட்டி வைப்பார்களே, அதுபோல இதைக் கொஞ்ச நேரம் ஊறவிடு என்கிறார். பிறகு ஊதல் மட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘மமசீட்டா’ பதினேழு ஆண்டுகளாக எனக்குப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. ‘சிந்தசைஸர்’ பாட்டில் பழம்பெரும் பாடகர் ஜார்ஜ் கிளிண்டன் வந்தும் அது பாதி வெந்தது போலவே இருக்கிறது. பெண்களைச் சுட்டும் சொற்கள் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். சாஷாவுக்காக நெகிழ்ந்தவர்கள்தான் இவர்கள் என்பதை நம்பச் சிரமமாக இருக்கும். பிள்ளைகள் உள்ள காரில் போட முடியாது. பாட்டுகளுக்கு நடுவில் வரும் சின்ன நாடகங்கள் நாலு முறைக்குமேல் தாங்காது. ஒன்று மட்டும் விதிவிலக்கு: இசைத்தட்டுக் கடைக்கு வந்த ஒருவன், இவர்கள் முதலில் ஒரு வேஷம், அப்புறம் வேற்றுக்கிரகவாசி, இப்போது என்ன பூதமா என்று சலித்துக்கொண்டு வேறொன்றை வாங்கிப் போகிறான். தங்களைப் பற்றிய வம்பை விலை கொடுத்து வாங்கித் தங்கள் தட்டிலேயே ஒட்டிக்கொண்டவர்கள்.

‘ஸ்க்யூ இட் ஆன் த பார்-பி’ பாட்டில் இன்னொரு கணக்கைத் தீர்க்கிறார்கள். முதல் ஆல்பத்துக்கு ‘தி சோர்ஸ்’ என்ற ராப் பத்திரிகை ஐந்துக்கு நாலரை மைக் கொடுத்திருந்தது. மைக் என்பது அவர்கள் போடும் மதிப்பெண். என் மீதி அரை மைக் எங்கே என்று பிக் பாய் கேட்கிறார். இந்த ஆல்பத்துக்கு அதே பத்திரிகை முழுதாக ஐந்து கொடுத்தது. கடைசித் தடத்தின் முடிவில் ஒலிப்பதிவு ஒன்று வரும். 1995-இல் நியூயார்க்கில், அந்தப் பத்திரிகையின் விருது மேடையில் இவர்கள் ஏறியபோது கூட்டம் கேலிக் கூச்சலிட்டது. அட்லாண்டா இருக்கும் அமெரிக்கத் தென்பகுதிக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்று இருபது வயது ஆந்த்ரே சொன்னது அதில் கேட்கும். மூன்று ஆண்டுகள் அந்தக் கூச்சலைப் பத்திரமாக வைத்திருந்து, ஆல்பத்தின் வாலில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

வேறு கார் வாங்கிவிட்டேன். அதில் குறுந்தகடு போட இடமே இல்லை. பழைய காரை விற்கவில்லை. பதினைந்து வயதாகும் மகள் இப்போது அதில்தான் ஓட்டப் பழகுகிறாள். போன வாரம் சிக்னலில் நின்றபோது அவளே பொத்தானை அழுத்திவிட்டாள். சரி, இந்த வயதில் அவள் கேட்காத வசையா என்று நானும் விட்டுவிட்டேன். ஜிஏ 400-இல் ஏறும்போது ஒன்பதாவது தடம். நட்சத்திரம், கேள்வி, அந்த ஒரு சொல். தகடு விக்கியது, தாவியது.

“பாதியில் நின்றுவிட்டதே அப்பா, அவள் என்ன ஆனாள்?”

“சாலையைப் பார்,” என்றேன். “இடப்பக்கம் லாரி வருகிறது.”