குடிமாறும்போது எந்த இணையம்: டெல்டாவில் மூன்று வழிகள்

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிமாறியபோது எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: பி.எஸ்.என்.எல். ஃபைபர், உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர், 5ஜி கோபுரத்திலிருந்து கம்பியில்லாமல் வரும் ஏர்ஃபைபர். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், இணைப்பு அறுந்தால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதைத்தான் முதலில் விசாரித்தேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம். ஆனால் ஃபைபரில் ஒரே இழையைத்தான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள் என்பதால், இரவு எட்டு மணிக்கு வேகம் எப்படி இருக்கிறது என்று அதே தெருவில் இணைப்பு வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கும்பகோணத்தில் நாங்கள் ஒரு தனியார் நிறுவனத்தின் ஃபைபரை வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் ஓர் இரவு தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுந்தது; மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. புகார் எண் உடனே கிடைத்தது, ஆள் வந்தது மூன்றாம் நாள். அதே மட்டையால் இணைப்பு இழந்த பக்கத்து வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே கேபிள்காரர் வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, மேலுறையை உரித்து, தலைமுடி போன்ற இழையைத் துடைத்து, ஒட்டும் இயந்திரத்தில் வைத்து இணைத்தார். அரை மணியில் பச்சை விளக்கு வந்தது. அந்தக் காலைப்பொழுதை இன்றும் மறக்க முடியவில்லை.

பி.எஸ்.என்.எல். ஃபைபரிலும் பல ஊர்களில் வீடுவரை கேபிள் இழுப்பதும் பழுது பார்ப்பதும் உள்ளூர்ப் பங்குதாரர்தான். அவர் சுறுசுறுப்பானவராக இருந்தால் அதையே தாராளமாக எடுக்கலாம். தரைவழித் தொலைபேசியும் அதே இழையில் கிடைக்கும்.

இந்தியாவில் 2023இல் அறிமுகமான ஏர்ஃபைபர், தெருவெல்லாம் கேபிள் இழுக்காமல் மாடியில் ஒரு பெட்டியை வைத்தே வந்துவிடுவதால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு வசதியானது. ஆனால் பதிவிறக்க வேகத்தோடு ஒப்பிட்டால் பதிவேற்ற வேகம் மிகக் குறைவு. அலுவலகக் காணொளிக் கூட்டங்களில் அந்தக் குறை தெரியும். வயல்வெளிக்கு நடுவே, கோபுரம் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை.

புயல் என்று வந்தால் மூன்றுமே தவிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது மின்கம்பங்களும் சாய்ந்தன, கோபுரங்களும் ஓய்ந்தன. சாதாரண மின்வெட்டில் மட்டும் ஃபைபருக்கு அனுகூலம் உண்டு: வழியில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. இணைப்புத் தருபவரின் பக்கத்தில் பேட்டரி இருந்து, நம் மோடத்துக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். இருந்தால் இணைப்பு நிற்காது.

ஆகவே கேபிள்காரரையே தேர்ந்தெடுத்தோம். கொல்லையில் இருக்கும் தென்னைகளைத் தவிர்த்து, வாசல் பக்கமாகக் கேபிளைக் கொண்டுவரச் சொன்னேன். சற்று முகம் சுளித்தாலும் செய்துகொடுத்தார். ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டையும் பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.